சிலிண்டர் நல்லவன்தான் சார்... நாமதான்!

எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியவர் எங்கள் தூரத்துப் பங்காளி ஒருவர். அவர் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது. அவர் எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம், அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலமானதுதான்!

சிரிக்காதீர்கள் சார். விஷயத்தைக் கேளுங்கள்.

குரோம்பேட்டையில் ரெண்டாவது மாடி ஃபிளாட். நான், அம்மா, ஒரு டி.வி. குடும்பம் அவ்வளவுதான். அடியேன் பி.காம். பகலில் நாலைந்து கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்ப்பேன். ராத்திரியில் இந்த மாதிரி ஏதாவது எழுதுவேன். ரெண்டையும் கூட்டினால் ஒருத்தர் சாப்பிடலாம். இன்னொருத்தர் சாப்பிட அம்மாவின் ஃபேமிலி பென்ஷன் இருக்கிறது.

அன்றைக்குத் தேதி இருபது. மாசாமாசம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட வேண்டிய கடைசி நாள். என் கிளையன்ட்கள் எல்லோருக்கும் இருபதாம் தேதி மத்தியானம் மூணு மணிக்குத்தான் பில் புத்தகம் எங்கே இருக்கிறது என்ற ஞாபகமே வரும். எல்லோரிடமும் மல்லுக்கட்டிவிட்டு ராத்திரி எட்டரைக்கு வீட்டுக்குள் காலை வைத்தால்... குப்பென்று நாற்றம். அழுகிய முட்டைகோஸ் மாதிரி.

"என்னம்மா, கேஸ் வாசனை இப்படி அடிக்குது?"

பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். "அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையேடா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 2021 மே மாசம் அம்மாவுக்கு கொரோனா வந்தது. பிழைத்து எழுந்துவிட்டாள். ஆனால் மூக்கு மட்டும் திரும்பி வரவே இல்லை. ரசம் கொதிக்கிற வாசனை, மல்லிகைப்பூ வாசனை எதுவும் தெரியாது. பழகிப் போனதால் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதைக்கூட விட்டுவிட்டோம். மல்லிகைப்பூ வாசனை தெரியாதவளுக்கு கேஸ் வாசனை மட்டும் எப்படித் தெரியும்? ஊஹூம்! மூணு வேளையும் அடுப்படியில் நிற்கிற ஒருத்தியைப் பற்றி இந்தச் சின்ன விஷயத்தை யோசிக்க, நான் படித்த படிப்பு போதவில்லை.

சமையலறை இருட்டாக இருந்தது. என் கை தானாக சுவிட்சுக்குப் போனது.

"தம்பீ... கைய எடு!"

எதிர் ஃபிளாட் அக்கா. வீட்டிலேயே டிபன் செய்து ஆபீஸ்களுக்கு அனுப்புகிறவர். தினமும் சிலிண்டரோடு குடித்தனம் நடத்துகிறவர். கதவு திறந்திருந்ததில் அவருக்கும் நாற்றம் போயிருக்கிறது. நான் சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். ஃபேனையாவது நிறுத்தலாமா என்று ரெண்டடி நகர்ந்தேன். அதற்கும் ஒரு அதட்டல்.

"ஓடறது ஓடட்டும், நிக்கிறது நிக்கட்டும். எதையும் போடாதே, எதையும் அணைக்காதே. அம்மாவைக் கூட்டிட்டு வெளியே போ!"

சட்டைப் பையில் செல்போன் சிணுங்கியது. கிளையன்ட்! அக்கா பார்த்த பார்வையில், எடுக்காமலே படியிறங்கினேன்.

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் ரெகுலேட்டரை மூடினார். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அகலத் திறந்தார். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, "அந்த மூடி எங்கே தம்பி?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

சிலிண்டரோடு நூலில் கட்டித் தொங்கவிட்டு ஒரு பிளாஸ்டிக் மூடி வருமே, அதுதான். எங்கள் வீட்டில் அந்த நூலை நான் எப்போதோ அறுத்து, மூடியைக் குப்பையில் போட்டுவிட்டேன். அடைசலாக இருக்கிறதாம்! அக்கா தன் வீட்டு மூடியைக் கொண்டுவந்து மாட்டினார்.

நான் தெருவில் நின்று 1906க்கு போன் செய்தேன். கேஸ் கசிவு அவசரத்துக்கு என்றே நாடு முழுவதற்கும் இருக்கிற நம்பர். 24 மணி நேரமும் உண்டு. இந்தியன் ஆயில், பாரத், ஹெச்.பி. எந்த கம்பெனி சிலிண்டராக இருந்தாலும் இதே நம்பர்தான். போன் பண்ணிவிட்டுத் திரும்பினால், அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்:

"நல்லவேளைடா. பங்காளித் தீட்டு. இன்னிக்கு நான் விளக்கு ஏத்தலை."

எங்கள் வீட்டு சாமி ஷெல்ஃப் சமையலறையில் இருக்கிறது. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு அம்மா விளக்கேற்றுவாள். அஞ்சரைக்கு காபி போட்டவள் அடுப்பின் குமிழை மட்டும் மூடியிருக்கிறாள். குனிந்து ரெகுலேட்டரை மூட அவளுக்கு முட்டிவலி விடாது. அந்த வேலை என்னுடையது என்று எப்போதோ ஒப்புக்கொண்டவன் நான்தான்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள் முதல் வேலையாக, கேஸ் விஷயத்தை ஆதியோடந்தமாகத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

கேஸ் ஒரு கனமான ஆசாமி!

சிலிண்டருக்குள் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்ற ரெண்டு வாயுக்களின் கலவை. அழுத்தி அழுத்தித் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். சொந்தமாக அதற்கு வாசனையே கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமெடுத்த சரக்கைத் துளியூண்டு கலக்கிறார்கள். ஆக, நம் பாதுகாப்பு முழுவதும் நம் மூக்கை நம்பித்தான் இருக்கிறது. ஜலதோஷம் பிடித்தவர், வயசானவர், எங்கள் அம்மா மாதிரி மூக்கு போனவர் இருக்கிற வீட்டில் இந்த ஏற்பாடு பாதிதான்.

இன்னொன்று, கேஸ் காற்றைவிடக் கனம். புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் மேலே இருக்கிற வென்டிலேட்டரை மட்டும் திறந்தால் போதாது. தரையைத் தொடுகிற கதவைத் திறக்க வேண்டும். அன்றைக்கு அம்மா பால்கனிக் கதவைத் திறந்து வைத்திருந்ததும் ஒரு புண்ணியம்தான். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு விரட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். காற்றில் நூற்றுக்கு ரெண்டு பங்கு கேஸ் கலந்தாலே பற்றுவதற்குத் தயார். அப்புறம் தேவை ஒரே ஒரு பொறி. சுவிட்சைத் தட்டும்போது உள்ளே வருகிற பொறியே தாராளம்.

எனவே அக்காவின் மந்திரத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'ஓடறது ஓடட்டும், நிக்கிறது நிக்கட்டும்.' விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் எரிந்தால் அணைத்துவிடுங்கள். அடுப்புக் குமிழ், ரெகுலேட்டர் ரெண்டையும் மூடுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு ரெகுலேட்டரைக் கழற்றி மூடியை மாட்டுங்கள். போன் பேசுவதெல்லாம் வெளியே போய்த்தான். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே, கீழே மீட்டர் பெட்டியில் இருந்தால் அங்கே போய் அணைக்கலாம். வீட்டுக்குள் இருந்தால் அதையும் தொட வேண்டாம்.

குற்றவாளி அகப்பட்டான்!

மெக்கானிக் வந்தார். நான் ஏற்கனவே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். "இந்த சிலிண்டர்தான் சார், பழசைத் தள்ளிட்டாங்க!"

அவர் சோப்பு நுரையை எடுத்து ஒவ்வொரு இடமாகத் தடவினார். சிலிண்டர் வாயில் நுரை சும்மா இருந்தது. ரெகுலேட்டரிலும் சும்மா இருந்தது. அடுப்புக்குப் போகிற ரப்பர் டியூப், அடுப்பில் சொருகுகிற இடத்துக்கு வந்ததும், புசுபுசுவென்று கொப்புளம்!

டியூபை வளைத்துக் காட்டினார். கிழவர் கை மாதிரி வரிவரியாக வெடிப்பு.

"சார், சிலிண்டர் நல்லவன்தான். புதுசா வந்தா பத்து வருஷத்திலே ஒரு டெஸ்ட். அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு டெஸ்ட். தண்ணி ரொப்பி, அழுத்தம் கொடுத்துப் பார்ப்பாங்க. அவனைப் பார்த்துக்க ஆள் இருக்கு. இந்த டியூபைப் பார்த்துக்க வேண்டியது நீங்க. எப்ப மாத்தினீங்க?"

யோசித்தேன். அப்பா இருக்கும்போது மாற்றியது. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

அவர் சொன்னதிலிருந்து தெரிந்துகொண்டவை இவை:

டியூபுக்கு ஆயுள் அஞ்சு வருஷம். வெடிப்பு தெரிந்தால் அஞ்சு மாசத்திலேயே மாற்ற வேண்டும். உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு கலர் 'சுரக்ஷா' டியூப் ஏஜென்ஸியிலேயே கிடைக்கும். எலி சுலபத்தில் கடிக்க முடியாது. மேலேயே தேதி அச்சடித்திருக்கும். பிளாட்பாரத்தில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற பச்சை டியூப் வேண்டவே வேண்டாம். நல்ல டியூபுக்கு ஆகிற செலவு, பாப்கார்னையும் சேர்த்தால் ஒரு சினிமா செலவைத் தாண்டாது.

நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அடுப்புக்கு அடியிலோ, சூட்டுக்குப் பக்கத்திலோ போகக் கூடாது. அழுக்காகாமல் இருக்க மேலே இன்னொரு பைப்பைப் போட்டு மூடுகிற கெட்டிக்காரர்கள் உண்டு. வெடிப்பு வந்தால் எப்படி சார் தெரியும்?

சிலிண்டர் எப்போதும் நின்றபடிதான் இருக்க வேண்டும். தீர்ந்துபோகிற சமயத்தில் இன்னும் ரெண்டு தோசைக்கு ஆகட்டும் என்று படுக்க வைப்பது மகா ஆபத்து. வாயு வரவேண்டிய வழியில் திரவமே வந்துவிடும். அடுப்பு மேடை மேல் இருக்கட்டும், சிலிண்டர் தரையில் இருக்கட்டும். காற்றுப் புகாத அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

ரெகுலேட்டர் கெட்டுப்போனால் நாமே ஸ்குரூ டிரைவரோடு உட்காரக் கூடாது. அது ஏஜென்ஸி மூலம் வந்தது. அங்கேயே கொடுத்து மாற்ற வேண்டும்.

அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஏஜென்ஸி ஆள் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பார்க்கிற கட்டாயச் சோதனை ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு கட்டணம் உண்டு. அப்படி ஒருத்தர் ஒரு தரம் எங்கள் வீட்டுக்கும் வந்தார். காசு பிடுங்க வந்தவர் என்று நினைத்து வாசலோடு அனுப்பி வைத்த மகாபுத்திசாலி, இதை எழுதிக்கொண்டிருக்கும் அடியேன்தான்.

பி.காம். மூளைக்கு ஒரு வேலை!

சிலிண்டர் நல்லவன் என்பதற்காக, வருகிறவனையெல்லாம் கேள்வி கேட்காமல் உள்ளே விட வேண்டுமா? கூடாது. வாங்கும்போது நாலு விஷயம் பார்த்தால் போதும். ரெண்டு நிமிஷ வேலை.

ஒன்று, சீல். உடைந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

ரெண்டு, தேதி. சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கி மூன்று இரும்புப் பட்டைகள் இருக்கும். அதில் ஒன்றின் உள்பக்கம் ஒரு ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச் வரை. பி என்றால் ஜூன் வரை. சி செப்டம்பர், டி டிசம்பர். நம்ம குவார்ட்டர் கணக்கேதான்! எண் வருஷம். பி-29 என்றால், 2029 ஜூன் மாசத்துக்குள் இந்த சிலிண்டர் அடுத்த டெஸ்டுக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். அந்தக் காலம் கடந்துபோன சிலிண்டர் வந்தால் வாங்காதீர்கள். அது கேஸின் எக்ஸ்பைரி தேதி என்று சிலர் நினைக்கிறார்கள். கேஸ் கெட்டுப்போகாது சார். டெஸ்ட் வேண்டியது இரும்புக்கு.

மூன்று, எடை. காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். வீட்டு சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ. 15.3 என்று எழுதியிருந்தால் மொத்தம் 29.5 கிலோ நிற்க வேண்டும். கொண்டுவருகிறவர் தராசு வைத்திருக்க வேண்டும். கேட்டால் எடை போட்டுக் காட்ட வேண்டும். மொத்தத்தில் காலியைக் கழித்தால் சரக்கு. முதல் வருஷம் முதல் பாடம்! ஆனால் இத்தனை வருஷமும் நான் ஒரு நாள்கூடக் கழித்துப் பார்த்ததில்லை. மற்றவர்கள் கடையில் பத்து ரூபாய் இடித்தால் ராத்திரி ஒரு மணி வரை தேடுகிறவன் நான்!

நான்கு, வாஷர். சிலிண்டர் வாய்க்குள்ளே ஒரு சின்ன ரப்பர் வளையம். அது இல்லாமலோ, கிழிந்தோ இருந்தால் ரெகுலேட்டர் மாட்டியதும் கசியும். சீலைப் பிரித்து, கசிவு இல்லை என்று கேஸ்காரரையே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த மனுஷர் பாவம், தோளில் முப்பது கிலோவோடு மாடி ஏறி வந்திருப்பார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், சந்தோஷமாகச் செய்வார்.

மாட்டியபின் நீங்களே ஒரு தரம் சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். தீக்குச்சியைக் கிழித்து நீட்டிப் பார்க்கிற வீரர்கள் இன்னும் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

ரூம்மேட்களே, கொஞ்சம் நில்லுங்கள்!

நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிற ஆபீஸ் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மூலைக்கடையில் குட்டி சிலிண்டர், அதன் தலையிலேயே அடுப்பு, தீர்ந்தால் அங்கேயே கிலோ கணக்கில் ரொப்பித் தருவார்கள். சௌகரியம்தான். ஆனால் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்குக் கள்ளத்தனமாக மாற்றுகிற கேஸ் அது. சிலிண்டரில் திரவம் விரிய மேலே கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும். அளவு பார்க்காமல் கழுத்து வரை ரொப்பினால், வெயிலில் விரிகிற திரவம் எங்கே போகும்? அந்தக் குட்டிக்கு டெஸ்டும் கிடையாது, தேதியும் கிடையாது. சட்டப்படி அது குற்றமும்கூட.

அதற்கு நியாயமான மாற்று இருக்கிறது. எண்ணெய் கம்பெனிகளே 5 கிலோ சிலிண்டர் விற்கிறார்கள். முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை இருந்தால் போதும். ஏஜென்ஸிகளிலும் சில பெட்ரோல் பங்க்குகளிலும் கிடைக்கும். கிலோ விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் அது கணக்கில் வருகிற சிலிண்டர்.

இன்னொரு சமாசாரம். முறையாகப் பதிவான கேஸ் இணைப்புக்கு நாம் தனியாக பிரீமியம் கட்டாமலே இன்ஷூரன்ஸ் உண்டு. எண்ணெய் கம்பெனிகள் எடுத்து வைத்திருக்கிற பாலிசி அது. கேஸ் விபத்தில் உயிர் போனால் ஆளுக்கு 6 லட்சம் வரை. காயத்துக்கும் சேதத்துக்கும் தனித்தனி வரம்பு. ஆனால் விபத்து, இணைப்பு பதிவாகியிருக்கிற முகவரியில் நடந்திருக்க வேண்டும். உடனே ஏஜென்ஸிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வீடு மாறி மூணு வருஷமாகியும் பழைய முகவரியிலேயே இணைப்பு வைத்திருக்கிற நண்பர்களே, இந்த வாரமே மாற்றுங்கள்.

மூக்குக்கு ஒரு அசிஸ்டென்ட்!

டியூபை மாற்றியாயிற்று. அம்மாவின் மூக்கை மாற்ற முடியாதே? கேஸ் கசிந்தால் கூச்சல் போடுகிற சின்னக் கருவி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. வாங்கினேன். கேஸ் கனமான ஆசாமி என்பது ஞாபகம் இருக்கிறதல்லவா? அதனால் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்டினேன். வந்த எலெக்ட்ரீஷியன், "என்ன சார், பூனைக்கா மாட்றீங்க?" என்றார். விளக்கம் சொன்னேன். தன் மாமியார் வீட்டுக்கும் ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னார். நல்ல மாப்பிள்ளை!

இப்போதெல்லாம் ராத்திரி படுக்கப்போகும் முன் ரெகுலேட்டரை நானே மூடுகிறேன். கடைக்குப் போவதானால்கூட மூடிவிட்டுத்தான். சிலிண்டர் மூடி நூலோடு பத்திரமாகத் தொங்குகிறது.

தீட்டு கழிந்த அன்று சாயங்காலம் ஆறரை மணி. அம்மா விளக்குக்கு எண்ணெய் விட்டு, திரி போட்டு, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏற்றவில்லை.

"டேய், இங்கே வந்து ஒரு தரம் மோந்து பாத்துட்டுப் போடா."

போய் நன்றாக மூச்சை இழுத்தேன். கற்பூரம், எண்ணெய், பழைய சாம்பிராணி. வேறு ஒன்றுமில்லை.

"ஏத்தும்மா."

ஏற்றினாள். விளக்கு எரிவதைக் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் நான் கேட்டேன்: "அம்மா, அந்தப் பங்காளி பேரு என்ன?"

சொன்னாள். இந்த ஜென்மத்துக்கு மறக்க மாட்டேன்.